அபராதம் இல்லாவிட்டால் நூலகப் புத்தகம் திரும்பி வருமா?

11 பிப்ரவரி 2023

நூலகங்களில் தாமத அபராதத்தை ஒழிக்க வேண்டும் என்ற பேச்சு இங்கே ஒரு வாரமாக ஓடுகிறது. எனக்கு உடன்பாடு இல்லை. அபராதம் இல்லாவிட்டால் புத்தகம் திரும்பி வராது.

அனுபவத்தில் சொல்கிறேன். தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்குத் தெற்கே ஒரு கோயில் மண்டபத்தில் 2007 முதல் சனிக்கிழமைதோறும் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். மண்டபத்து மூலையில் ஓர் இரும்பு அலமாரி, அதில் 163 தமிழ்ப் புத்தகங்கள். இந்தப் பக்கத்துக் கடைகளில் தமிழ்ப் புத்தகம் கிடைக்காது. தமிழ்நாட்டுக்குப் போய்வருகிறவர்கள் பெட்டியில் துணிமணியைக் குறைத்துக்கொண்டு இரண்டும் மூன்றுமாகக் கொண்டுவந்து சேர்த்தவை. ஒன்று போனால் போனதுதான். 2014-ல், தாமதமானால் வாரத்துக்கு 2 ராண்டு (இந்த நாட்டுக் காசு) தண்டம் என்று அலமாரிக் கதவில் எழுதி ஒட்டினேன். அதன் பிறகு பிள்ளைகள் ஒழுங்காகத் திருப்பினார்கள். இங்குள்ள நகராட்சி நூலகத்துக்கும் இதே நியாயம்தான்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் சொல்லுங்கள், கேட்கிறேன்.

12 பிப்ரவரி

எங்கள் நூலகத்தில் அபராதம் எவ்வளவு என்று, டர்பன் மெரிபேங்கிலிருந்து எழுதும் அண்ணா கேட்டதற்குப் பதில். எங்கள் ஊர் நூலகத்தில் புத்தகம் ஒன்றுக்கு நாளுக்கு 3 ராண்டு. பாக்கி இருந்தால் அட்டை முடங்கும், கட்டினால்தான் அடுத்த புத்தகம். உறுப்பினராவதற்குக் காசு இல்லை. இதில் என்ன அநியாயம் இருக்கிறது?

12 பிப்ரவரி, இரவு

திருத்தம். நாளுக்கு இல்லை, வாரத்துக்கு 3 ராண்டு. பழைய ரசீதை எடுத்துப் பார்த்தேன். இவ்வளவு சிறிய தொகை என்றால் நான் சொன்னது இன்னும் சரியாகிறது. 3 ராண்டு யாருக்குப் பெரிது?

18 பிப்ரவரி

யாருக்குப் பெரிது என்று கேட்டிருந்தேன். பதில் பக்கத்து வீட்டிலேயே இருந்தது.

பக்கத்து வீட்டு ஆயாவுக்கு 74 வயது. துணி தைக்கும் ஃபேக்டரியில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். மகள் ஜோஹன்னஸ்பர்க்கில் வேலையில் இருக்கிறாள், ஒன்பது வயதுப் பேரனை ஆயாதான் வளர்க்கிறார். போன நவம்பரில் தன் அட்டையில் பேரனுக்காக நான்கு புத்தகங்கள் எடுத்திருக்கிறார். டிசம்பரில் மின்வெட்டு நேரத்தில் படியில் விழுந்து மணிக்கட்டு முறிந்தது. ஆஸ்பத்திரி, அப்புறம் சில வாரம் தங்கை வீடு. புத்தகங்கள் கட்டிலுக்கு அடியில் கிடந்தன. இன்று காலை நான்தான் காரில் கூட்டிப்போனேன்.

ஏழு வாரத் தாமதம், நான்கு புத்தகம், 84 ராண்டு. கவுண்டரில் இருந்த ஜூலு பெண் நல்லவள். "கோகோ (பாட்டி), கம்ப்யூட்டர் விடமாட்டேன் என்கிறது" என்று தாழ்ந்த குரலில்தான் சொன்னாள். ஆனால் பின்னால் வரிசை நின்றது. ஆயாவின் பர்ஸில் நாற்பது ராண்டுதான் இருந்தது. பேரன் கையில் சுறாமீன் பற்றிய ஒரு புத்தகம். யாரும் எதுவும் சொல்லாமலே அவன் போய் அதை எடுத்த இடத்தில் வைத்துவிட்டு வந்தான்.

நான் கட்டுகிறேன் என்றேன். "வேணாம் கண்ணு, பென்ஷன் வரட்டும்" என்றார். காரில் ஏறிக் கொஞ்ச தூரம் போனதும், "இனிமே அந்தப் பக்கம் வேணாம்" என்றார்.

நான்கு புத்தகமும் பத்திரமாகத் திரும்பி வந்தன. நூலகத்துக்கு நஷ்டம் என்று எதுவுமே இல்லை. ஒரு பையன்தான் வெறுங்கையோடு வந்தான்.

19 பிப்ரவரி

"முதியோர் உதவித்தொகை வருகிறதே, 84 ராண்டா இல்லாமல் போகும்" என்று ஜோஹன்னஸ்பர்க் தம்பி கேட்கிறார். வருகிறது, மாதம் இரண்டாயிரம் ராண்டை ஒட்டி. மின்சார டோக்கன், மாவு, எண்ணெய், பேரனின் பள்ளி வேன், மருந்து வாங்க டாக்ஸிக் காசு என்று அதில் ஒவ்வொன்றுக்கும் இடம் போட்டு வைத்திருப்பார். அந்தப் பட்டியலில் நூலகம் கடைசியில் வருவதை யாரும் குறை சொல்ல முடியாது.

ஒன்று உறுத்துகிறது, எழுதிவிடுகிறேன். நானே இரண்டு வருடத்துக்கு முன் ஒரு சமையல் புத்தகத்தை ஐந்து வாரம் கூடுதலாக வைத்திருந்தேன். மறந்து அல்ல. "15 ராண்டுதானே, கட்டிக்கொள்ளலாம்" என்று தெரிந்தே வைத்திருந்தேன். 12-ம் தேதி எடுத்துப் பார்த்த ரசீது அதுதான். அந்தப் புத்தகத்துக்கு யாராவது காத்திருந்தார்களா என்று ஒரு தடவைகூட நினைத்துப் பார்க்கவில்லை. அதே அபராதம் எனக்கு வாடகை, ஆயாவுக்குப் பூட்டு.

22 பிப்ரவரி

இன்று தில்லையாடி வள்ளியம்மை இறந்த நாள். 1914-ல், பதினாறு வயதில். தில்லையாடி எங்கள் மயிலாடுதுறைப் பக்கம், அதனால் இந்த நாள் எனக்கு மறக்காது. காந்தி இந்த நாட்டில் நடத்திய, அவரும் மற்றப் பெண்களும் சிறை போன போராட்டத்தின் கோரிக்கைகளில் ஒன்று 3 பவுண்டு வரியை ஒழிப்பது. ஒப்பந்தம் முடிந்தும் நேட்டாலில் (இப்போது நாங்கள் இருக்கும் பகுதி) தங்குகிற கூலித் தொழிலாளர் ஆண்டுக்கு 3 பவுண்டு கட்ட வேண்டும் என்று 1895-ல் சட்டம் போட்டார்கள். கஜானாவை நிரப்புவது அதன் முதல் நோக்கம் இல்லை. கட்ட முடியாதவன் கப்பலேறிவிடுவான், இல்லாவிட்டால் மறுபடி ஒப்பந்தத்தில் விழுவான் என்பதுதான் கணக்கு. நம் முன்னோர் காலத்திலேயே ஒரு தொகையை வைத்து ஆட்களை வெளியே தள்ளத் தெரிந்திருக்கிறது. நூலக அபராதத்தையும் அந்த வரிசையில்தான் வைக்கத் தோன்றுகிறது.

23 பிப்ரவரி

நேற்றையது மிகை. பீட்டர்மாரிட்ஸ்பர்க் அக்கா கோபமாக எழுதியிருக்கிறார், அவர் சொல்வது சரி. அந்த வரி துரத்துவதற்கென்றே போட்டது. நூலக அபராதம் போட்டவர் யாரையும் துரத்த நினைக்கவில்லை, புத்தகம் திரும்பி வரட்டும் என்றுதான் நினைத்தார், நான் அலமாரிக் கதவில் எழுதி ஒட்டியபோது நினைத்த மாதிரி. ஒப்பீட்டைத் திரும்பப் பெறுகிறேன்.

25 பிப்ரவரி

இரண்டு இரவு உட்கார்ந்து படித்தேன். அபராதத்தை எடுத்துவிட்ட ஊர்கள் நான் நினைத்ததைவிட அதிகம்.

அயர்லாந்து 2019 ஜனவரி 1 முதல் நாடு முழுவதும் பொது நூலகங்களில் எடுத்துவிட்டது. அதே மாதம் அமெரிக்க நூலகச் சங்கம், அபராதம் சமூக ஏற்றத்தாழ்வின் ஒரு வடிவம் என்று தீர்மானம் போட்டது. சிகாகோ அந்த ஆண்டு அக்டோபரில் எடுத்தது. முடங்கிக் கிடந்த அட்டைகளில் ஐந்தில் ஒன்று 14 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுடையது என்று அப்போது சொன்னார்கள். எடுத்த சில வாரத்தில் திரும்பி வந்த புத்தகங்கள் 240 சதவீதம் கூடின. பயத்தில் பதுங்கிக் கிடந்தவை எல்லாம் வெளியே வந்திருக்கின்றன. நியூயார்க்கில் 15 டாலர் பாக்கி சேர்ந்தால் அட்டை முடங்கும் என்று இருந்தது. 2021 அக்டோபர் 5 அன்று மூன்று நூலக அமைப்புகளும் ஒன்றாக அதைக் கைவிட்டபோது முடங்கியிருந்தவர்கள் சுமார் 4 லட்சம் பேர்.

என்னை உட்கார வைத்தது சான் டியாகோ. ஆண்டுக்கு ஏறக்குறைய 6,75,000 டாலர் அபராதம் வசூலிக்க, ஊழியர் நேரத்தையும் சேர்த்து, 10 லட்சம் டாலருக்கு மேல் செலவழித்திருக்கிறார்கள். ஆயாவிடம் அந்தக் கவுண்டர் பெண் கால்மணி நேரம் பேசினாள். மேலதிகாரியைப் போய்க் கேட்டாள், திரும்பி வந்தாள், ஒரு படிவத்தை அச்சடித்தாள். வரிசையில் ஆறு பேர் நின்றார்கள். அத்தனையும் ஒரு காசும் வராத வசூலுக்காக.

அப்புறம் சான் பிரான்சிஸ்கோ. பணக்காரப் பேட்டையிலும் ஏழைப் பேட்டையிலும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் தாமதமாகத் திருப்புகிறார்கள் என்று அந்த ஊர் நூலகம் ஆராய்ந்து சொன்னது. மறதி எல்லோருக்கும் பொது. கட்ட முடிவதில்தான் வித்தியாசம்.

26 பிப்ரவரி

"அதெல்லாம் டாலர் ஊர், நம் ஊரில் நடக்குமா" என்கிறார் மெரிபேங்க் அண்ணா. டாலர் ஊரிலேயே பத்து பதினைந்து டாலர் கட்ட முடியாமல் லட்சக்கணக்கானவர்கள் ஒதுங்கியிருந்தால், இங்கே இன்னும் எத்தனை பேர் ஒதுங்கியிருப்பார்கள், அண்ணா?

அவர் சொன்ன இன்னொரு ஆராய்ச்சி மட்டும் உண்மையிலேயே யோசிக்க வைத்தது. இஸ்ரேலில் ஹைஃபா நகரத்துக் குழந்தைகள் காப்பகங்கள். பெற்றோர் சாயங்காலம் பிள்ளையைக் கூட்டிப்போகத் தாமதமாக வருகிறார்கள் என்று, பத்துக் காப்பகத்தில் ஆறில் மட்டும், பத்து நிமிடத்துக்கு மேல் தாமதமானால் 10 ஷெக்கல் அபராதம் வைத்துப் பார்த்தார்கள். நீசி, ருஸ்டிச்சினி என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 2000-ல் இதை வெளியிட்டார்கள். தாமதம் குறையவில்லை, ஏறக்குறைய இரட்டிப்பானது. முன்பு ஆசிரியை காத்திருக்கிறாரே என்று கூச்சப்பட்டவர்கள், காசு கட்டியதும் கூச்சத்தை விட்டுவிட்டார்கள். அபராதத்தை எடுத்த பிறகும் பழைய நிலை திரும்பவில்லை.

அண்ணா இதை "எடுத்தாலும் பயனில்லை" என்பதற்காகச் சொன்னார். எனக்கோ என் சமையல் புத்தகம்தான் நினைவுக்கு வந்தது. அந்த 15 ராண்டு என் கூச்சத்தை வாங்கிக்கொண்டது. ஆயா விஷயத்தில் கூச்சம் போகவில்லை, இரட்டிப்பாயிற்று. ஹைஃபா ஆராய்ச்சி கட்ட முடிந்தவர்களைப் பற்றி நன்றாகச் சொல்கிறது, கட்ட முடியாதவர் கதை அதில் இல்லை.

4 மார்ச்

இன்று வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு, அலமாரியின் இரவல் நோட்டை முதல் பக்கத்திலிருந்து எண்ணினேன். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

தண்டம் வைப்பதற்கு முன்னால், 2007 முதல் 2013 வரை ஏழு வருடத்தில் திரும்பி வராதவை 17. தண்டம் வைத்த பிறகு, கொரோனாவில் மண்டபம் பூட்டிக் கிடந்த காலத்தைக் கழித்தால், கிட்டத்தட்ட அதே ஏழு வருடத்தில் 21. "ஒழுங்காகத் திருப்பினார்கள்" என்று இங்கே அவ்வளவு உறுதியாக எழுதினேன். நோட்டு அப்படிச் சொல்லவில்லை. திருப்பிய பிள்ளைகளின் முகம்தான் எனக்கு வாராவாரம் கண்ணில் பட்டது. மற்றவர்கள் வராததால் நினைவிலும் இல்லை.

அடுத்து ஒவ்வொரு பெயராகப் பின்தொடர்ந்தேன். தண்டம் கட்டிய அல்லது கட்ட வேண்டியிருந்த பிள்ளைகள் 31 பேர். அதில் 19 பேர் அதற்குப் பிறகு ஒரு புத்தகம்கூட எடுக்கவில்லை. சிலர் வகுப்புக்கே வரவில்லை. ஒரு பெண்ணின் பெயருக்கு நேரே என் கையெழுத்தில் "6 ராண்டு பாக்கி, மூன்று முறை சொல்லியாயிற்று" என்று இருக்கிறது. அவளுக்கு அப்போது எட்டு வயது இருக்கும். அ, ஆ எழுதும்போது நாக்கை லேசாக வெளியே நீட்டிக்கொண்டு எழுதுவாள். இங்கே ஒரு பிள்ளை தமிழ் படிக்க வருவதே அபூர்வம். வீட்டில் ஆங்கிலம், பள்ளியில் ஆங்கிலமும் ஜூலுவும் ஆஃப்ரிகான்ஸும். கோயிலில் பாடுகிற தேவாரத்தைக்கூட ஆங்கில எழுத்தில் வைத்துப் பாடுகிறார்கள். ஆயாவோ தாத்தாவோ ஆசைப்பட்டு அனுப்பி வைத்தால்தான் ஒரு பிள்ளை வகுப்புக்கு வரும். அப்படி வந்தவளை ஆறு ராண்டுக்காக மூன்று முறை எல்லார் முன்னாலும் நிற்க வைத்திருக்கிறேன்.

இத்தனை வருடத்தில் தண்டமாகச் சேர்ந்தது 438 ராண்டு. பைண்டிங் டேப், பசை, ஒரு பூட்டு வாங்கியிருக்கிறேன்.

என் முதல் பதிவை அழிக்கப்போவதில்லை. அப்படியே இருக்கட்டும்.

5 மார்ச்

சின்னத் திருத்தம். அந்த 19 பேரில் நான்கு பேர் குடும்பத்தோடு கேப் டவுனுக்கும் ஜோஹன்னஸ்பர்க்குக்கும் மாறிப்போனவர்கள், என் கணவர் நினைவுபடுத்தினார். ஆக 15. குறைந்ததில் ஆறுதல் ஒன்றும் இல்லை.

5 மார்ச், இரவு

மனசு கனமாக இருந்த நேரத்தில் டர்பன் நார்த் தங்கச்சி ஒரு கதை அனுப்பினாள், பகிர்கிறேன். ஜார்ஜ் வாஷிங்டன் 1789 அக்டோபரில் நியூயார்க் சொசைட்டி நூலகத்தில் ஒரு சட்ட நூல் எடுத்தாராம், திருப்பவே இல்லை. 2010-ல் அவர் வீட்டை நினைவகமாகப் பராமரிப்பவர்கள் அதே பதிப்பின் வேறொரு பிரதியைத் தேடி வாங்கி நூலகத்தில் ஒப்படைத்திருக்கிறார்கள். 221 வருடத் தாமதம். அபராதம் கேட்கவில்லை. ஜனாதிபதிக்கே மறந்திருக்கிறது என்று ஆயாவிடம் சொன்னேன், நன்றாகச் சிரித்தார். சிரித்துவிட்டு, "அவர கவுண்டர்ல நிக்க வெக்கலியே" என்றார்.

11 மார்ச்

வகுப்பில் அறிவித்துவிட்டேன். தண்டம் இல்லை, பழைய பாக்கியும் இல்லை. கதவில் இருந்த தாளைப் பிள்ளைகள் முன்னாலேயே கிழித்தேன். புது விதி: கையில் இருப்பதைத் திருப்பினால்தான் அடுத்தது. காசு பற்றிய பேச்சே கிடையாது. மூன்று வாரம் ஆனால் வீட்டுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு நினைவூட்டு, அதுவும் தனியாக, குழுவில் அல்ல.

பெற்றோரில் ஒருவர் இது பொறுப்பில்லாத்தனத்தைக் கற்றுக்கொடுக்கும் என்றார். நானும் போன மாதம் வரை அப்படித்தானே நினைத்தேன். ஒரு வருடம் பார்ப்போம் என்றேன்.

21 மார்ச்

இங்கே நூலக வாரம். மார்ச்சில் வைப்பதற்குக் காரணம் உண்டு. 1818 மார்ச் 20 அன்று கேப் ஆளுநர் சார்லஸ் சாமர்செட் பிரபு போட்ட ஆணையில்தான் இந்த நாட்டின் முதல் பொது நூலகம் பிறந்தது. செலவுக்கு ஒயின் பீப்பாய்க்கு ஒரு வரி. நம் பக்கம் 1948-ல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டம் சொத்துவரியோடு நூலக வரியைச் சேர்த்தது. இரண்டு இடத்திலும் ஊர் கொடுத்த வரிக் காசை நம்பித்தான் நூலகம் தொடங்கியது, தாமதமாக வந்தவனின் சில்லறையில் அல்ல.

ஆனால் ஊர் முழுவதும் உள்ளே போக முடிந்ததா என்பது வேறு கேள்வி. என் மாமனார் இந்த ஊரிலேயே பிறந்தவர். நகர நூலகத்தின் படிக்கட்டில் உட்கார்ந்து தேங்காய் ரொட்டி தின்றிருக்கிறார், உள்ளே போனதில்லை. வெள்ளையருக்கு மட்டும். 1953-ன் தனி வசதிச் சட்டம் அதை நாடு முழுவதற்கும் சட்டமாகவே ஆக்கியது. இந்தியச் சங்கத்தின் ஒற்றை அறை வாசகசாலையில் பழைய செய்தித்தாள்களைப் படித்துத்தான் ஆங்கிலம் கற்றார். கணக்குப்பிள்ளை வேலைக்குப் போனபோது அங்கே எல்லோரும் அவர் ஆங்கிலத்தைப் பாராட்டுவார்களாம்.

அந்தச் சட்டம் 1990 அக்டோபரில் ரத்தானது. அதற்குப் பிறகு நடந்ததை நேற்றுதான் அவருடைய பழைய நண்பர் சொன்னார், நானும் தேடிப் படித்தேன். அப்போதைய டிரான்ஸ்வால் மாகாணத்தில் சில வெள்ளையர் நகர மன்றங்கள், "நகர எல்லைக்குள் குடியிராதவர்களுக்கு" என்று நூலகத்துக்கும் நீச்சல் குளத்துக்கும் பெருந்தொகைக் கட்டணம் வைத்தன. எல்லைக்கு வெளியே குடியிருக்க வைக்கப்பட்டிருந்தவர்கள் வெள்ளையர் அல்லாதவர்கள்தான் என்று எல்லோருக்கும் தெரியும். நிறத்தைச் சொல்லித் தடுக்க முடியாமல் போனதும் காசைச் சொல்லித் தடுத்தார்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் அக்கா, இதையும் இன்றைய அபராதத்தோடு ஒன்றாக்கவில்லை. ஆனால் இந்த நாட்டில் நூலக வாசலில் காசு கேட்கும்போது, 74 வயது ஆயாவுக்கு எது எது நினைவுக்கு வரும் என்பதைக் கவுண்டரில் இருக்கும் கம்ப்யூட்டர் அறியாது.

2 ஏப்ரல்

கவுண்டர் பெண்ணைப் போய்ப் பார்த்தேன். "எனக்கும் வாங்கப் பிடிக்கவில்லை, ஆனால் இதை நான் தீர்மானிப்பதில்லை" என்றாள். யார் தீர்மானிக்கிறார்கள் என்று தேடினேன். இது தெரியாமல்தான் இத்தனை நாள் பேசிக்கொண்டிருந்திருக்கிறோம்.

அரசியலமைப்புச் சட்டப்படி, தேசிய நூலகம் நீங்கலாக மற்ற நூலகங்கள் மாகாணத்தின் பொறுப்பு. நடைமுறையில் கட்டடம், ஆள், அன்றாடச் செலவு எல்லாம் பெரும்பாலும் நகராட்சியின் தலையில். 2007-08 முதல் மத்திய அரசின் மானியம் ஒன்று மாகாணங்கள் வழியாக வருகிறது. அபராதம் நகராட்சியின் கட்டணப் பட்டியலில் ஒரு வரி. தண்ணீர், குப்பை, சுடுகாடு, மண்டப வாடகை, அதற்குக் கீழே எங்கோ நூலகம். நகராட்சிக்கு நிதியாண்டு ஜூலை 1-ல் தொடங்குகிறது. அதற்குத் தொண்ணூறு நாள் முன்பே வரைவு பட்ஜெட்டையும் கட்டணப் பட்டியலையும் மன்றத்தில் வைத்து, மக்கள் கருத்தைக் கேட்க வேண்டும் என்பது 2003-ன் நகராட்சி நிதிச் சட்டம். அதாவது இப்போதுதான் நேரம்.

வரைவை எடுத்துப் பார்த்தேன். வாரத்துக்கு 3 ராண்டு என்பதை 3 ராண்டு 20 சென்ட் ஆக்கப் போகிறார்கள். எல்லாவற்றையும் ஒரே சதவீதத்தில் ஏற்றும்போது இதுவும் சேர்ந்து ஏறியிருக்கிறது. யாரும் இதைப் பற்றி யோசித்திருப்பார்கள் என்று தோன்றவில்லை.

இரண்டு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறேன். வசூல் எவ்வளவு, வசூலிக்க ஆகும் செலவு எவ்வளவு, எத்தனை அட்டைகள் முடங்கியிருக்கின்றன, அதில் எத்தனை பிள்ளைகளுடையவை என்று நான்கு கேள்வி. அலமாரி நோட்டின் கணக்கையும் சேர்த்திருக்கிறேன். உங்கள் ஊர் வரைவையும் பாருங்கள், ஏப்ரல் முடிவதற்குள் எழுதுங்கள்.

7 ஏப்ரல்

புனித வெள்ளி. இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலில் எப்போதும் போல் பெருங்கூட்டம். ஈஸ்டர் விடுமுறையில்தான் தோட்டத் தொழிலாளருக்கு நாள் கிடைத்தது என்று அந்த நாளில் அமைந்த திருவிழா, இன்றும் அப்படியே நடக்கிறது. தேங்காய் உடைக்கிற இடத்தில் ஒரு பெண் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நகர்ந்தார். பழைய மாணவன் ஒருவனின் அம்மா. பின்னாலேயே போய்க் கூப்பிட்டேன்.

"டீச்சர், புத்தகம் வெள்ளத்துல போச்சு" என்றார், முதல் வார்த்தையே அதுதான். போன ஏப்ரல் வெள்ளம். நானூறு பேருக்கு மேல் செத்த வெள்ளம். அவர்கள் வீட்டின் பின்சுவரே போயிருக்கிறது. அந்த நிலையிலும் தமிழ் வகுப்புப் புத்தகம் ஒன்று போனது அவருக்கு நினைவிருந்திருக்கிறது. அதனாலேயே ஒரு வருடம் மகனை அனுப்பவில்லை. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன், என்ன சொல்வது என்று தெரியவில்லை.

15 ஏப்ரல்

நேற்று புத்தாண்டு, இன்று வகுப்பு. அந்தப் பையன் வந்தான். உயரமாகிவிட்டான்.

திரும்பி வந்த புத்தகக் கணக்கு: காணாமல் போன 38-ல் இதுவரை 22 வந்துவிட்டன. வாட்ஸ்அப் செய்தி உறவுக்காரர்கள் வழியாகச் சுற்றியிருக்கிறது. இரண்டு புத்தகம் கேப் டவுனிலிருந்து தபாலில் வந்தன. ஒரு பை இரவோடு இரவாக மண்டபத் திண்ணையில் இருந்தது, யார் வைத்தது என்று நான் விசாரிக்கவில்லை.

"அப்படியானால் தொலைத்தவனுக்கும் மன்னிப்பா" என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். தாமதம் வேறு, தொலைப்பது வேறு. அபராதத்தை எடுத்த ஊர்களும் தொலைந்த புத்தகத்தின் விலையைக் கேட்கத்தான் செய்கின்றன. நியூயார்க்கில் ஒரு மாதம் தாண்டினால் தொலைந்ததாகக் கணக்கு வைத்து விலையைப் போடுகிறார்கள், புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தால் அந்த விலை ரத்து. இது எனக்கு நியாயமாகப் படுகிறது. கேட்பது புத்தகத்தை, காசை அல்ல. வெள்ளத்தில் போனதற்கு விலை கேட்பதா என்றால், நான் கேட்கவில்லை. பெரிய நூலகமும் கேட்கக் கூடாது என்பது என் எண்ணம்.

13 மே

எதிர்க்கருத்து ஒன்றுக்கு இன்னும் சரியான பதில் என்னிடம் இல்லை. மெட்ரிக் வகுப்பின் (இங்கே பள்ளியின் கடைசி ஆண்டு) பாடநூல்கள். நூலகத்தில் இரண்டு பிரதி இருக்கும், முப்பது பிள்ளைகள் காத்திருப்பார்கள். ஒருவன் ஒரு மாதம் வைத்துக்கொண்டால் இன்னொருவன் தேர்வில் தவிப்பான். எங்கள் ஊருக்குப் பக்கத்துச் சீர்காழியில் பிறந்த நூலக அறிஞர் ரங்கநாதன் 1931-ல் ஐந்து நூலக விதிகள் எழுதினார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்பது இரண்டாவது விதி, வாசகரின் நேரத்தைச் சேமி என்பது நான்காவது. ஆயாவின் பேரனுக்கு இரண்டாவதைச் சொன்னால், காத்திருக்கும் மெட்ரிக் பிள்ளைக்கு இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அபராதம் இதைத் தீர்க்கவில்லை என்பது மட்டும் தெரியும். 15 ராண்டைத் தூக்கிக் கொடுப்பவனுக்குத் தேர்வு முடியும்வரை புத்தகம் கிடைக்கும். காத்திருப்போர் உள்ள புத்தகத்துக்குக் குறைந்த நாள் தவணை, வீட்டுக்குக் கொடுக்காமல் அங்கேயே படிக்க ஒரு பிரதி, காத்திருப்போர் இல்லாத புத்தகத்துக்குத் தானாகவே தவணை நீட்டிப்பு. இவை உதவும். கடிதத்தில் பின்குறிப்பாகச் சேர்த்து மறுபடி அனுப்பினேன்.

10 ஜூன்

மன்றம் பட்ஜெட்டை நிறைவேற்றிவிட்டது. 3 ராண்டு 20 சென்ட். என் கடிதத்துக்கு ஒற்றை வரிப் பதில் வந்தது, "கருத்து பதிவு செய்யப்பட்டது" என்று. நான்கு கேள்விக்கும் விடை இல்லை. தகவல் பெறும் சட்டத்தின் கீழ் மறுபடி கேட்கப் படிவம் எடுத்து வைத்திருக்கிறேன். அடுத்த மார்ச்சில் வரைவு வரும்போது இந்த எண்கள் கையில் வேண்டும்.

1 ஜூலை

ஆயா பாக்கியைக் கட்டி முடித்துவிட்டார். மார்ச், ஏப்ரல், மே மாதங்களில் இருபது இருபதாக, ஜூனில் 24. ஒவ்வொரு மாதமும் பென்ஷன் வாங்கிய கையோடு தனியாக டாக்ஸியில் போய்க் கட்டியிருக்கிறார், என்னிடம் சொல்லவே இல்லை. டாக்ஸிக் காசைச் சேர்த்தால் அபராதத்தைவிட அதிகம் ஆகியிருக்கும். நான்கு ரசீதையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார்.

இன்று காலை மூன்று பேருமாகப் போனோம். பேரனிடம் அந்தச் சுறாமீன் புத்தகம் அலமாரியில் இருப்பதைக் காட்டினேன். ஒரு நிமிடம் பார்த்தான். "அது முன்னாடி பிடிக்கும்" என்றான். இப்போது எரிமலையாம். எரிமலை பற்றி ஒன்றும், விண்கலம் பற்றி ஒன்றும் எடுத்தான்.

திருப்ப வேண்டிய நாள் ஜூலை 15. ஆயா அதைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறார். நானும் என் வீட்டுக் காலண்டரில் குறித்துவிட்டேன்.